மேமோகிராம் நார்மல் என்றார்கள், ஐந்தே மாதத்தில் புற்றுநோய்: அன்றைக்கு எது தவறியது?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு 43 வயது. மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் மேமோகிராம் எடுத்தார்கள். ‘அடர்த்தி டி வகை, பை-ராட்ஸ் 1’ என்று ரிப்போர்ட் வந்தது (பை-ராட்ஸ் என்பது படத்தில் எவ்வளவு சந்தேகம் என்பதைச் சொல்லும் எண்), நார்மல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஐந்து மாதம் கழித்துக் குளிக்கும்போது இடது பக்கம் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. ஸ்கேன் (அல்ட்ராசவுண்ட்), பயாப்சி (ஊசியால் திசு எடுத்துப் பார்ப்பது) எல்லாம் செய்து பார்த்ததில் 2.5 செ.மீ. அளவில் புற்றுநோய். படம் பார்த்த டாக்டர் கோட்டை விட்டாரா, அப்படியானால் 38 வயதாகும் நீங்கள் மேமோகிராம் எடுத்து என்ன பயன் என்று கேட்கிறீர்கள்.

முதல் பாதிக்குள்ளேயே மூன்று கேள்விகள் இருக்கின்றன. அன்று கட்டி அங்கே இருந்ததா? இருந்திருந்தால் அந்தப் படத்தில் அது தெரிந்திருக்குமா? தெரிந்திருந்தால் பார்த்தவர் கண்ணில் ஏன் படவில்லை? மூன்றையும் ஒன்றாகக் குழைத்து ‘மிஸ் பண்ணிட்டாங்க’ என்று சொல்லிவிடுகிறோம். நான் ரேடியாலஜிஸ்ட். இருபது வருடத்துக்கு மேலாக மார்பகப் படங்களைப் பார்க்கிறேன். ஃபிலிமை லைட் பாக்ஸில் மாட்டி லென்ஸ் வைத்துப் பார்த்த காலத்திலிருந்து. ஆனால் உங்கள் அக்காவின் படத்தை நான் பார்த்ததில்லை. அதனால் அந்த டாக்டர் செய்தது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது. எங்கெங்கே தவற வாய்ப்பு உண்டு என்று சொல்ல முடியும்.

அன்றைக்குக் கட்டி இருந்ததா என்பதை ஓரளவு கணக்குப் போட்டே பார்க்கலாம். கட்டியின் கன அளவு ஒரு மடங்கு கூடினால் அதன் விட்டம் சுமார் கால் பங்குதான் கூடும். சில புற்றுகள் ஐந்து வாரத்தில் இரட்டிக்கும், சிலவற்றுக்கு அரை வருடமோ அதற்கு மேலோ ஆகும். அக்காவுடையது மெதுவான வகை என்றால் படம் எடுத்த அன்றே கிட்டத்தட்ட 2 செ.மீ. இருந்திருக்கும். வேகமான வகை என்றால் ஐந்து மாதத்தில் நான்கு முறை இரட்டித்திருக்கும். அப்போது அன்றைய அளவு 1 செ.மீ. தான். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஐந்து மாதத்தில் 2.5 செ.மீ. முளைப்பது மிக அரிது. ஆகவே ஏதோ ஓர் அளவில் அன்றே இருந்தது என்பதை நான் உறுதியாகவே சொல்வேன். எந்த அளவில் என்பது பயாப்சி ரிப்போர்ட்டில் இருக்கும் கிரேடு (செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்ற தரம்), ஹார்மோன் ஏற்பிகள், கி-67 (செல்கள் பெருகும் வேகத்தின் அளவு) ஆகியவற்றைப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

சரி, இருந்தது. தெரிந்திருக்குமா? இங்கேதான் அந்த ‘டி வகை’ வருகிறது. மேமோகிராம் என்பது குறைந்த ஆற்றலில் எடுக்கும் எக்ஸ்ரே. அதில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும். பால் சுரப்பியும் நார்த்திசுவும் வெள்ளையாகத் தெரியும். கெட்டகாலம், புற்றுக்கட்டியும் வெள்ளைதான். கறுப்புக் கரும்பலகையில் சுண்ணாம்புத் துளி விழுந்தால் தூரத்திலிருந்தே தெரியும், வெள்ளை வேட்டியில் விழுந்தால் கட்டியிருப்பவருக்கே தெரியாது. கொழுப்புக்கும் சுரப்பிக்கும் உள்ள விகிதத்தை வைத்து ஏ, பி, சி, டி என்று நான்கு வகையாகப் பிரிக்கிறோம். ஏ முழுக்கக் கொழுப்பு, டி ஏறக்குறைய முழு வெள்ளை. ஸ்கிரீனிங், அதாவது அறிகுறி இல்லாதபோதே எடுக்கும் பரிசோதனை, செய்யும் வயதுப் பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு டி வகை. அமெரிக்காவில் பல லட்சம் மேமோகிராம்களை வைத்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில், ஏ வகை மார்பகத்தில் 100 புற்றுகளில் 87-ஐ மேமோகிராம் பிடித்தது, டி வகையில் 63-ஐத்தான் பிடித்தது. அவற்றில் பல பழைய ஃபிலிம் படங்கள். டிஜிட்டல் வந்த பிறகு அடர்த்தியான மார்பகத்தில் நிலைமை கொஞ்சம் மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் இடைவெளி மூடவில்லை. அக்காவின் ரிப்போர்ட்டில் இருந்த ‘டி’ என்ற ஓர் எழுத்தும் ‘1’ என்ற எண்ணும் சேர்ந்து சொன்னது இதைத்தான்: ‘நான் பார்த்த வரையில் எதுவும் தெரியவில்லை, ஆனால் எனக்கு நிறைய இடம் தெரியவில்லை.’ இந்த இரண்டாம் பாதியை யாரும் அவரிடம் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் முதல் தவறு அங்கேதான்.

அடர்த்தியைக் கையால் தொட்டுக் கண்டுபிடிக்க முடியாது. மார்பகத்தின் அளவுக்கும் உறுதிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, படம் எடுத்தவருக்குத்தான் தெரியும். அதனால்தான் அதை நோயாளியிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று அமெரிக்காவில் ஒரு பெரிய போராட்டமே நடந்தது. கனெக்டிகட்டில் நான்சி கப்பெல்லோ என்பவர் வருடம் தவறாமல் மேமோகிராம் எடுத்தவர்; எல்லாம் நார்மல். 2004-ல் அவருக்கு முற்றிய நிலையில் புற்றுநோய் தெரியவந்தது. ‘உங்களுக்கு அடர்த்தியான மார்பகம், அதில் தெரிவது கஷ்டம்’ என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அவர் விடாமல் வாதாடி 2009-ல் அந்த மாநிலத்தில் சட்டம் வந்தது. அந்த நாடு முழுவதற்குமான விதி அமலுக்கு வந்தது 2024 செப்டம்பரில்தான், அவர் இறந்து ஆறு வருடம் கழித்து. நம் ஊரில் ரிப்போர்ட்டின் முதல் வரியிலேயே அடர்த்தியை எழுதுகிறோம். அதைப் படித்து அர்த்தம் சொல்ல ஆள் இல்லை. பை-ராட்ஸ் எண்களின் கதையும் இதேதான். ‘0’ என்று போட்டால் ‘நோய் பூஜ்யம்’ என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன் பொருள் ‘இன்னும் முடிவு சொல்ல முடியவில்லை, மேற்கொண்டு படம் வேண்டும்’. ‘4’ என்றால் நான்காம் கட்டப் புற்றுநோய் என்று நினைத்து அழுதுகொண்டே வந்தவர்களும் உண்டு. அது சந்தேகத்தின் அளவு மட்டுமே. 4ஏ என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு 10 சதவீதத்துக்கு மேல் போகாது.

அடர்த்தி ஒன்றுதான் காரணம் என்று முடித்துவிடவும் முடியாது. புற்றின் குணமும் உண்டு. லோபுலர் என்றொரு வகை, ஊடுருவும் மார்பகப் புற்றுகளில் 10 முதல் 15 சதவீதம். சாதாரணமாகப் புற்றுசெல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகத் திரளும். இந்த வகையில் அந்த ஒட்டும் புரதம், இ-கேட்ஹெரின், பெரும்பாலும் இருக்காது. செல்கள் எறும்பு வரிசைபோல ஒற்றை வரிசையில் திசுவுக்குள் ஊர்ந்து போகும். கட்டியே உருவாகாமல் மார்பகத்தின் கால்வாசியைப் பிடித்திருக்கும், படத்தில் லேசான கோணல் ஒன்றுதான் தெரியும். சில வருடங்களுக்கு முன்பு ஐம்பது வயது கடந்த ஓர் அம்மாவின் படத்தைப் பார்த்தேன். சாய்வுக் கோணத்தில் ஒரு மெல்லிய வெண்மை. மேலிருந்து எடுத்த படத்தில் அது இல்லை. திசுக்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததால் வந்த நிழல் என்று எழுதினேன். அந்த மாதிரி நிழல் வாரத்துக்குப் பத்து வரும், பத்தும் வெறும் நிழலாகத்தான் இருக்கும். ஒன்றரை வருடம் கழித்து அவர் மார்புக்காம்பு உள்ளே இழுத்துக்கொண்டு வந்தார். லோபுலர். பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே இடம். இன்று டோமோசிந்தசிஸ் இருக்கிறது; மார்பகத்தை மெல்லிய அடுக்கடுக்காகக் காட்டும். ஒன்றன்மேல் ஒன்று விழும் நிழலை அதில் பெருமளவு பிரித்துவிடலாம். அன்று என்னிடம் அது இல்லை. ஆனால் ஸ்கேன் மெஷின் பக்கத்து அறையில் இருந்தது. ஒரு முறை வைத்துப் பார்த்திருக்கலாம்.

இதற்கு நேர்மாறான ஏமாற்று ஒன்று உண்டு. புற்று என்றாலே ஓரம் முள்முள்ளாக, நண்டுக்கால்போல் இருக்கும் என்று படிக்கிறோம். இரண்டு ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்2 ஆகிய மூன்றும் இல்லாத ‘டிரிப்பிள் நெகட்டிவ்’ வகை அடிக்கடி உருண்டையாக, ஓரம் வழவழப்பாக வரும். ஸ்கேனில் ஃபைப்ரோஅடினோமா என்ற சாதுவான கட்டியைப்போலவே இருக்கும். இளம் பெண்களுக்கு ஃபைப்ரோஅடினோமா சகஜம். டிரிப்பிள் நெகட்டிவும் இளம் வயதில்தான் அதிகம். ‘சின்ன வயசு, சாதாக் கட்டி, ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்’ என்று சொல்லி ஏமாந்த மருத்துவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பால் கொடுக்கும் தாய்மாருக்கு இன்னும் மோசம். ‘பால் கட்டியிருக்கு, ஒத்தடம் கொடு’ என்று இரண்டு மாதம் போய்விடும். பால் கட்டியதென்றால் சில நாளில் கரைய வேண்டும். இரண்டு வாரம் தாண்டியும் நின்றால் ஸ்கேன் பார்த்தே தீர வேண்டும், பால் கொடுப்பதை நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை.

படம் எடுத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், யாரும் இதைப் பேசுவதில்லை. சாய்வுக் கோணப் படத்தில் நெஞ்சுத்தசை காம்பின் மட்டம் வரை இறங்கித் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மார்பகத்தின் பின்பகுதி படத்துக்குள்ளேயே வரவில்லை என்று அர்த்தம். நம் பெண்கள் கூச்சத்தில் தோளை இறுக்கிக்கொள்வார்கள், வலிக்கிறது என்று சொன்னதும் டெக்னீஷியன் அழுத்தத்தைக் குறைத்துவிடுவார். படம் மங்கும். அக்குளில் பவுடரோ டியோடரண்டோ இருந்தால் மார்பகத் திசுவில் படியும் சுண்ணாம்புத் துகள் மாதிரியே தெரியும். பூசிய விபூதிகூட அப்படி ஏமாற்றும். தாலிச்சங்கிலியைக் கழற்ற மனம் இல்லாதவர்களிடம் முதுகுப்பக்கம் தள்ளிக்கொள்ளச் சொல்வோம், சரியாகப் படம் எடுக்கும் நேரத்தில் அது முன்னால் வந்து நிற்கும். இவையெல்லாம் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் மார்பகப் புற்றின் மிக ஆரம்ப நிலை பல சமயம் 1 மி.மீ.க்கும் குறைவான சுண்ணத்துகள்களின் ஒரு கொத்தாகத்தான் தெரியும், ஸ்கேனில் அது பெரும்பாலும் தெரியவே தெரியாது. ‘மேமோகிராம் வேண்டாம், ஸ்கேன் போதும்’ என்று சொல்பவர்கள் இந்தத் துகளை மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது கேள்வி, பார்த்தவரின் கண். கட்டி எங்கே என்று தெரிந்த பிறகு பழைய படத்தைப் பார்த்தால் எல்லோருக்கும் தெரியும். விடை தெரிந்த விடுகதை மாதிரி. அதற்காகத் தவறே நடப்பதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. கண்ணில் படாமல் போவது ஒரு வகை; கண்ணில் பட்டும் ‘சாதா’ என்று எடைபோடுவது இன்னொரு வகை; ஒரு கட்டியைக் கண்டுபிடித்த திருப்தியில் பக்கத்தில் இருக்கும் இரண்டாவதை விட்டுவிடுவது மூன்றாவது. இங்கிலாந்திலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் ஸ்கிரீனிங் படத்தை இருவர் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். இங்கே பெரும்பாலும் ஒருவர்தான் பார்க்கிறார், அதுவும் முந்தைய படம் கையில் இல்லாமல். ஒரு படத்தில் தெரியாதது இரண்டு படத்தை அருகருகே வைத்தால் தெரியும். ‘போன வருஷம் இது இல்லையே’ என்ற ஒரு வரிதான் பாதி நோயைப் பிடிக்கிறது. நம்மவர்கள் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருப்பார்கள், ஃபிலிமும் சிடியும் பீரோவுக்கு மேலே எங்கேயோ இருக்கும். செயற்கை நுண்ணறிவு இந்தக் குறையை ஓரளவு தீர்க்கும் என்றே நினைக்கிறேன். ஸ்வீடனில் 80,000 பெண்களுக்கு மேல் சேர்த்து நடந்த மசாய் ஆய்வின் 2023 முடிவில், மென்பொருள் துணையோடு பார்த்தபோது புற்று அதிகம் பிடிபட்டது, டாக்டர்களின் வாசிப்பு வேலையும் 44 சதவீதம் குறைந்தது. ஆனால் அது நல்ல மெஷின், தேர்ந்த டெக்னீஷியன், ஒழுங்காகச் சேமித்த பழைய படங்கள் இருக்கும் நாட்டின் கதை.

இதுவரை சொன்னதெல்லாம் அறிகுறி இல்லாதவர்களுக்கு எடுக்கும் ஸ்கிரீனிங் பற்றி. கையில் கட்டி தட்டுப்பட்ட பிறகு கணக்கே வேறு, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தொட்டால் தெரியும் கட்டிக்கு மேமோகிராம் மட்டும் நார்மல் என்றால் அது விடுதலைப் பத்திரம் ஆகாது. ஸ்கேன் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டும் அந்த இடத்தில் ஒன்றுமில்லை என்றால் புற்றுநோய் இல்லாத வாய்ப்பு 97 சதவீதத்துக்கு மேல். அதற்குப் பிறகும் கட்டி கைக்குச் சந்தேகமாக இருந்தால் ஊசியால் திசு எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். கை, படம், திசு ஆகிய மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். படத்தில் முள்முள்ளாகத் தெரிகிற கட்டிக்குப் பயாப்சி ‘சாதாரணத் திசு’ என்று வந்தால் சந்தோஷப்படாதீர்கள். ஊசி பக்கத்தில் இறங்கியிருக்கலாம், மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. கிரானுலோமேட்டஸ் மாஸ்டைடிஸ் என்ற அழற்சியும் மார்பகக் காசநோயும் நம் பகுதியில் அவ்வப்போது பார்க்கிறோம். தோற்றத்தில் அப்படியே புற்றுதான். படத்தை நம்பி அறுத்திருந்தால் மருந்தில் தீர வேண்டியதற்கு மார்பகமே போயிருக்கும். உங்கள் அக்கா கட்டி தட்டுப்பட்டதும் ‘ஐந்து மாசத்துக்கு முன்னாடி நார்மல்தானே’ என்று இருந்துவிடாமல் டாக்டரிடம் போயிருக்கிறார். அந்த ரிப்போர்ட்டை நம்பி ஒரு வருடம் வீட்டில் இருந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கைப்பரிசோதனைக்கு எவ்வளவு பலம் என்பதிலும் நேர்மையாக இருக்க வேண்டும். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 20 வருடம், ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து நடத்திய ஆய்வில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கையால் பரிசோதித்தார்கள். 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. 50-க்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை.

இப்போது உங்கள் விஷயம். மேமோகிராம் பயனில்லை என்ற முடிவுக்கு வராதீர்கள். டி வகை என்று வைத்துக்கொண்டாலும் மூன்றில் இரண்டைப் பிடிக்கும் கருவி அது. கூட எதைச் சேர்ப்பது என்பதுதான் விவாதம். ஜப்பானில் 40 முதல் 49 வயதுப் பெண்களிடம் மேமோகிராமோடு ஸ்கேனும் சேர்த்தபோது புற்றைப் பிடிக்கும் விகிதம் 77-லிருந்து 91 சதவீதமானது. தேவையில்லாமல் பயந்து மறுபரிசோதனைக்குப் போனவர்களும் கூடினார்கள். நெதர்லாந்தில் டி வகைப் பெண்களுக்கு எம்ஆர்ஐ வாய்ப்புக் கொடுத்த ஆய்வில், இரண்டு ஸ்கிரீனிங்குக்கு நடுவில் வெடித்துக் கிளம்பும் புற்றுகள் ஆயிரத்துக்கு 5-லிருந்து 2.5 ஆகப் பாதியாகின. உங்கள் அக்காவுக்கு வந்தது சரியாக இந்த வகைதான். ஆனால் இப்படிச் சேர்ப்பதால் உயிர் எவ்வளவு பிழைக்கும் என்பதற்கு இன்னும் நேரடிச் சான்று இல்லை. எம்ஆர்ஐயின் செலவும் அதில் தெரியும் பொய்ச் சந்தேகங்களும் சிறியவை அல்ல.

முதலில் செய்ய வேண்டியது படமே இல்லை. அக்காவுக்கு 50-க்குள் வந்திருப்பதால் அவருக்கு மரபணுப் பரிசோதனை, குடும்பத்தில் மார்பகப் புற்று வரக் காரணமாகும் பிஆர்சிஏ 1, 2 மரபணுக்கள் உட்பட, செய்யச் சொல்லி அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். அவரிடம் மரபணுக் குறை இருந்தால் உங்களுக்கு அந்தக் குறை ஒன்றை மட்டும் பார்த்தால் போதும். உங்களுக்கும் இருந்தால் வருடாவருடம் எம்ஆர்ஐயும் மேமோகிராமும் என்று பாதையே மாறிவிடும். இல்லையென்றாலும், கூடப்பிறந்தவருக்கு இளவயதில் வந்தால் அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பே தொடங்குவது பொதுவாக நாங்கள் பின்பற்றும் வழக்கம். உங்களுக்கு அது 33. ஆக, இப்போதே எடுக்கலாம். மாதவிடாய் முடிந்த வாரத்தில் போங்கள், வலி குறைவாக இருக்கும். பவுடர் வேண்டாம். டோமோசிந்தசிஸ் இருக்கும் இடம் கிடைத்தால் நல்லது. உங்கள் அடர்த்தி என்ன வகை என்று வாய்விட்டுக் கேளுங்கள், சி அல்லது டி என்றால் அன்றே ஸ்கேனும் பார்த்துவிட்டு வாருங்கள். கதிர்வீச்சுக்குப் பயப்படாதீர்கள், நாம் சும்மா இருந்தாலே இயற்கையில் ஏழு வாரத்தில் வாங்கும் அளவுதான்.

அந்தப் பழைய படம் பற்றி ஒரே ஒரு விஷயம். எடுத்த இடத்தில் கேட்டு அதன் சிடியை வாங்கி வையுங்கள், ரிப்போர்ட் மட்டும் போதாது. மார்பகப் படங்களை மட்டுமே பார்க்கும் ஒருவரிடம் கொடுத்து, கட்டி எந்தப் பக்கம் என்று முதலில் சொல்லாமல், பார்க்கச் சொல்லுங்கள். அவர் கண்ணுக்கும் எதுவும் தெரியவில்லை என்றால் அந்த டாக்டர் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. அவர் உடனே இடது பக்கத்தைக் காட்டினால் அது வேறு பேச்சு.